அரைப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் கூப்பிடுகிற பேர் இல்லை. ஒரு நாள் சம்பளம். விடியற்காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்தில் நின்று, மலை ஏறி, கேட்ட ராத்தல் கொழுந்தைக் கொண்டுவந்து நிறுவை மடுவத்தில் கொட்டினால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் ஒரு பேர் விழும். ராத்தல் குறைந்தால் அரைப் பேர். கணக்கப்பிள்ளையிடம் வாய் காட்டினாலும் அரைப் பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பது வெளியாள் காதில் விழுந்தால், வீட்டில் எத்தனை உருப்படி என்று விசாரிப்பதாக நினைத்துக்கொள்வான்.

அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறவர். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் கத்தி தீட்டுகிற நேரத்தில் வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டார். லயத்துக் கூரை ஒழுகுதே எப்போ பார்ப்பீங்க, போன மாதக் கைக்காசு எங்கே என்று எதையாவது கேட்டுவைப்பார். மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் ஒன்றிரண்டு அரைப் பேர் கட்டாயம் இருக்கும். அம்மா துண்டைக் குப்பி லாம்படியில் பிடித்துக்கொண்டு, "அரப் பேருக்குத்தான் வேல செஞ்சீங்களா?" என்பார்.

"முழுப் பேருக்கும்தான் செஞ்சேன். மீதி அரையப் பேசிச் செலவழிச்சிட்டேன்" என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். அரிசி கூப்பன் கடையில் அந்தச் சிரிப்பு செல்லாது.

அந்த வீட்டுப் பிள்ளையான எனக்கு இன்று தொழில், ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவைப்பது. அட்டையில் 'வளவாளர்' என்று அச்சடித்திருக்கிறது. என்ன வளம் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. அப்பா பேசிச் செலவழித்ததை நான் பேசவைத்துச் சம்பாதிக்கிறேன்.

*

எங்கள் லயம், இலங்கை மலையகத்தில், இறம்பொடை அருவியின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில். எழுபதுகளில் நான் சின்னப் பையன். அன்று தோட்டத்தில் பேச்சுக்கு ஐந்து இடங்கள் இருந்தன. ஐந்திலும் பேசியது ஒரே ஆட்கள்தான் என்பதை நம்புவது கஷ்டம்.

முதலாவது பெரட்டுக்களம். அங்கே வாய் ஒன்று, காது முந்நூறு. யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை வாசிப்பார். மறுபேச்சு இருமலாக மட்டும் வெளிவரும். அந்த இருமலிலும் வகை உண்டு என்று அப்பா சொல்வார்.

இரண்டாவது ஆபீஸ் இஸ்தோப்பு. வாரத்தில் ஒரு நாள் துரை முறைப்பாடு கேட்பார். அங்கே அப்பாவின் குரல் மெலிந்து வேறு யாருடையதோ போல இருக்கும். தலைப்பாகைத் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். அப்பா கால் மணி நேரம் சொன்னதைப் பக்கத்தில் நிற்கிற கிளாக்கர் ஐயா இங்கிலீஷில் இரண்டு வரியாகச் சுருக்குவார். துரை ஒரு சொல் சொல்வார். அதைக் கிளாக்கர் ஐயா தமிழில் கால் மணி நேரமாக விரிப்பார். இந்தக் கிளாக்கர் ஐயாவை நான் ஜென்மப் பகையாக நினைத்திருந்தேன். பின்னால் அவர் வேலையைத்தான் நான் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மூன்றாவது தலைவர் வாசல். சங்கத்துத் தோட்டக் கமிட்டித் தலைவரை எல்லோரும் தலைவர் மாமா என்போம். வெள்ளிக்கிழமை இரவு அவர் காம்பரா வாசலில் சாக்கு விரித்து லாம்பு வைப்பார்கள். மாமா எடுத்த எடுப்பில் பிரச்சினைக்கு வரமாட்டார். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகளுக்குச் சம்பந்தம் வந்தது, எந்த மாடு கன்று போட்டது எல்லாம் ஒரு சுற்று வரும். அதற்குள் யார் கோபமாக இருக்கிறார், யார் துரை ஆளாக மாறிவிட்டார் என்பது அவருக்குப் பிடிபட்டுவிடும். அவர் கையில் ஒரே ஒரு கருவி, வெற்றிலைத் தட்டு. அதிகம் பேசுகிறவன் பக்கம் தட்டைத் தள்ளிவிடுவார். மரியாதைக்கு வாங்கி வாயில் போட்டாக வேண்டும். வெற்றிலையும் பாக்குமாக வாய் நிறைந்தவன் எப்படிப் பேசுவான்? அந்த இடைவெளியில் மூலையில் குந்தியிருக்கிற கிழவரைப் பார்த்து, "நீங்க என்னா மாமா சொல்றீங்க?" என்பார். எங்கள் அப்பா பக்கம் தட்டு வராத வெள்ளிக்கிழமை எனக்கு நினைவில் இல்லை.

நான்காவது பீலிக்கரை. அது பெண்கள் சபை. ஆண்கள் வாசலில் முடிவு செய்ததை மறுநாள் பெண்கள் அங்கே திருத்துவார்கள்.

ஐந்தாவது மலை. கொழுந்து எடுக்கிறவர்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து மேலே ஏறுவார்கள். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கண் கொழுந்தில், கை கொழுந்தில், வாய் மட்டும் பக்கவாட்டில். வாழ்க்கையிலேயே பெரிய விஷயங்களை அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எந்தப் பிள்ளைக்குக் கூடை என்பதும் அங்கேதான் தீர்மானமானது. எனக்குப் பள்ளிக்கூடம் என்று விழுந்தது எந்த நிரையில் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

இவை போக மாசி மாதம் காமன் கூத்து. பொட்டலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. ஒருவரை ஒருவர் மடக்கி மடக்கி விடியும்வரை வாதாடுவார்கள். தோற்றவனுக்கு அரைப் பேர் வெட்டாத ஒரே வாதம் அதுதான்.

*

இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி பேச்சை மாற்றும் வித்தை மலையகத்தில் சங்கங்களுக்கும் மூத்தது. 1920களில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயங்களுக்குள் போய் ஆட்களிடம் பேசினார் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கியதும் அவர்தான். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் இன்னும் ஒருபடி மேலே போனார். எழுத்து தெரியாத கூட்டத்துக்குத் துண்டுப் பிரசுரம் எதற்கு? தெரிந்த மெட்டில் சம்பளத்தையும் சட்டத்தையும் பாட்டாகக் கட்டி மேடையில் பாடினார். சிறு புத்தகமாகவும் போட்டார். பேச்சு கூட்டத்தோடு கலைந்துவிடும். பாட்டு நிரைக்கு வந்துவிடும். செயலமர்வுகளில் இதற்கு இப்போது பெரிய பெரிய பேரெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் சங்கம் வாய் திறக்கவே உயிர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அப்பா அரைப் பேரோடு தப்பித்தது அந்தக் கணக்கில் பார்த்தால் மலிவு. அந்த நாட்களில் இலங்கை இந்தியர் காங்கிரசில் சேர்ந்து பிறகு அதன் பெரிய தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் குடும்பத் தோட்டம் எங்கள் இறம்பொடை வேவண்டன்தான்.

அதே வேவண்டன் மலையில் இப்போது சின்மயா மிஷன் கட்டிய அனுமான் கோயில். கம்பளை – நுவரெலியா வீதியில் போகிற பஸ்களும் வேன்களும் நிற்கின்றன. எங்கள் லயத்துப் பையன் ஒருவன் அங்கே வழிகாட்டி. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு, அனுமான் சீதையைத் தேடி வந்து இறங்கிய மலை. வெள்ளைக்காரர்களுக்கு, 109 மீட்டர் உயரத்து அருவி. கொழும்புக்காரர்களுக்கு, லீக்ஸும் கரட்டும் மலிவாகக் கிடைக்கிற இடம். ஒரே திருப்பத்தில் நின்றுகொண்டு, மூச்சுவிடாமல் மூன்று கதை. இதைக் கற்றுக்கொள்ள எனக்குக் கண்டியில் ஐந்து நாள் பயிற்சி தேவைப்பட்டது.

*

அந்தப் பயிற்சி 1996இல். எல்லோரும் சமம் என்று காட்ட வட்டமாக உட்கார வேண்டும், தயக்கம் போக விளையாட்டோடு தொடங்க வேண்டும், சொல்வதை எல்லோரும் பார்க்கும்படி பெரிய தாளில் எழுத வேண்டும், வந்தவர்களின் பேரைப் பதிய வேண்டும். நாலும் நல்ல விதிகள். நாலையும் எடுத்துக்கொண்டு நேராக என் தோட்டத்துக்கே வந்தேன்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் கூட்டம். ஸ்டோரிலிருந்து இருபத்துநாலு கதிரை இரவல் வாங்கி வட்டமாகப் போட்டேன். வந்த பெண்கள் கதிரைகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் வரிசையாகக் குந்தினார்கள். ஆண்கள் நாலு பேர் கதிரையில் உட்கார்ந்தார்கள். அந்த நாலு பேரும் நடுவில் இருந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் என்பது முகத்துக்கு முகம் பார்ப்பது. எங்கள் பெண்கள் ஆயுள் முழுவதும் நிரையில் பேசியவர்கள். மாமனார், கொழுந்தனார், கங்காணி எல்லோர் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அடுத்து விளையாட்டு. உங்கள் பேரையும் உங்களுக்குப் பிடித்த ஒரு பறவையின் பேரையும் சொல்லுங்கள் என்றேன். பெரியம்மாவிலிருந்து தொடங்கினேன், சொந்தம் என்ற தைரியத்தில்.

"எம் பேர ஒனக்குத் தெரியாதாப்பா?" என்றார்.

"தெரியும் பெரியம்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி..."

"எல்லாருக்கும் தெரியும். பேரச் சொன்னா இன்னக்கிப் பேரு போடுவாங்களா?"

சிரிப்பு வந்தது. தயக்கத்தை உடைத்தது என் விளையாட்டு இல்லை, அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வேலை நாளில் கூட்டம் வைத்திருந்தேன். 'அனுமதி' வாங்கியிருந்தேன், சம்பளம் வாங்கவில்லை.

கடைசியில் வரவுத் தாளைச் சுற்றுக்கு விட்டேன். அது மூலையில் இருந்த ஒரு தாத்தாவிடம் போய் நின்றுவிட்டது. அவர் தாளை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "தம்பி, இதுல பேரு எழுதினா எந்த நாட்டுக்கு?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தவரை நாடற்றவர்கள் ஆக்கியது. பிரஜாவுரிமை கேட்டு 1949 சட்டத்தின்கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக மனுப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் இரு நாடும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டன. நாடு பிரிப்பதிலும் அரைப் பேர்க் கணக்குத்தான். அந்தத் தாத்தாவின் தம்பி ஏதோ ஒரு தாளில் பேர் எழுதினார். பிறகு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனார். கோத்தகிரியிலிருந்து இரண்டு கடுதாசி வந்தது, அப்புறம் வரவில்லை. அண்ணனுக்குத் தாளைக் கண்டால் தண்டவாளம் ஞாபகம் வந்தது.

அன்று என் அறிக்கையில் 'பங்கேற்பாளர்களிடையே பதிவு குறித்த விழிப்புணர்வு போதாது' என்று எழுதினேன். அந்த வரியை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. அந்தக் கூட்டத்தில் விழிப்பாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

*

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விதிகளைக் கழற்றினேன்.

கதிரையை விட்டேன். பிள்ளைக்காம்பராப் படிக்கட்டில், சாயந்திர நிறுவை முடிந்து, அம்மாமார் பிள்ளைகளை எடுக்க வருகிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். வெறுங்கையோடு பேசச் சொல்லக் கூடாது என்று புரிந்தது. ஒரு கிலோ போஞ்சி வாங்கிக்கொண்டு போய் நடுவில் கொட்டி, "கொஞ்சம் நார் எடுத்துத் தாங்கக்கா" என்றேன். கைக்கு வேலை கிடைத்ததும் கண் கீழே போயிற்று. கண் கீழே போனதும் வாய் பக்கவாட்டில் திறந்தது. படிக்கட்டில் ஒரு நிரை உண்டாகிவிட்டது. கருத்தரங்குகளில் இதை நான் சொல்வதுண்டு. 'போஞ்சி முறை' என்று எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் போஞ்சிக்குப் பதிலாக வேறு மரக்கறி பாவிக்கலாமா என்று கேட்டார்.

தாளையும் விட்டேன். தரையில் கோலமாவால் தோட்டத்தை வரையச் சொல்வது பயிற்சியில் கற்றதுதான். மனிதர்களிடம் தாளும் பேனாவும் இல்லாமல் கேட்கலாம் என்று ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் உலகெங்கும் பரப்பிய வழி. எங்கள் பெண்களுக்குக் கோலமாவு கையில் பழகியது. ஐந்து நிமிடத்தில் லயம், பீலி, கோயில், மடுவம், ஸ்டோர், துரை பங்களா எல்லாம் வந்துவிட்டன. பங்களா மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக. கக்கூசு எங்கே என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் உதவிக்கு என்று வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் பெரியம்மா புறங்கையால் பங்களாவைப் பாதி அழித்தார். லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் நாலைந்து புள்ளி வைத்தார். "இதுதான்" என்றார். "இதுவும் இதுவும் ராவுல. இது மழையில." உத்தியோகத்தர் திரும்பிவருவதற்குள் புள்ளிகளை இணைத்துப் பூவாக்கிவிட்டார். அவர் பார்த்து, "நல்ல கோலம்" என்றார்.

கேள்வியையும் மாற்றினேன். 2016 தொடக்கத்தில், புதிய அரசியல் யாப்புக்கு மக்கள் கருத்துக் கேட்க லால் விஜேநாயக்க தலைமையில் குழு ஒன்று மாவட்டம் மாவட்டமாக வந்தது. அதற்கு முன் தோட்டங்களில் பேசிப் பார்க்கும் வேலை எங்களுக்கு. "அரசியல் யாப்பில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். அருவிச் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு நாள், துரைக்கே சட்டம் எழுதுற அதிகாரம் ஒங்களுக்கு வந்தா?" என்று மாற்றிக் கேட்டேன். அருவி காணாமல்போயிற்று.

"காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் வேணும். இப்ப குடுக்குற ஏழு பேர்ச் காணிக்கும் உறுதி கையில வேணும்."

"கடுதாசி ஆபீசுக்கு வரக் கூடாது. எங்க வாசலுக்கு வரணும். பையனுக்கு வேலைக்கு வந்த கடுதாசி நாள் கடந்து வந்தா என்னா செய்றது?"

"எங்கள இந்தியத் தமிழர்னு எழுதக் கூடாது. நான் இந்தியாவக் கண்டதே இல்ல."

கடைசியாகச் சொன்னவள் பத்தொன்பது வயதுப் பெண். 1911 குடிசன மதிப்பீட்டில் எங்களை இலங்கைத் தமிழரிடமிருந்து பிரித்து வைத்த பேர் அது. பேர் பற்றிய மூன்றாவது அர்த்தத்தை அவள்தான் கொண்டுவந்தாள்.

*

எல்லாம் கற்றுக்கொண்டேன் என்ற நினைப்பு நுவரெலியா ஹோட்டலில் ஒருநாள் உடைந்தது. நிதி தருகிறவர்கள் வந்திருந்தார்கள். இம்முறை 'உலகக் கஃபே'. 1995இல் கலிபோர்னியாவின் மில் வேலியில் வனீட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் என்ற இருவர் வீட்டில் ஒரு கூட்டம், வெளியே மழை. ஆட்களைச் சின்னச் சின்ன மேசைகளில் உட்காரவைத்தார்கள். மேசையில் விரித்த தாளில் தோன்றியதைக் கிறுக்கினார்கள். பிறகு மேசை மாறி மாறிப் பேசினார்கள். அது உலகம் சுற்றி, மழையே தொழிலான எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கோப்பிக் கடை நடத்துகிறோம் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தேத்தண்ணியும் உண்டு. முதல்தரக் கொழுந்துத் தேயிலை, வெள்ளைக் கோப்பையில். பக்கத்தில் இருந்த அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. யாரு எடுத்த கொழுந்தோ" என்றார். வீட்டில் அவர் குடிப்பது டஸ்ட்.

பெரியம்மா மகளிர் பிரதிநிதியாக வந்திருந்தார். அவர் மேசைக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. பயம் எனக்கு, எங்கே அரைப் பேர், அட்டைக்கடி, கக்கூசு என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று. பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார்: "எமது பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துவதற்கும், தலைமைத்துவத்தை வலுவூட்டுவதற்கும்..." எனக்கு வாய் அடைத்துவிட்டது. இங்கிலீஷில் மாற்ற வேலையே இல்லை; அந்தச் சொற்கள் இங்கிலீஷிலிருந்துதானே வந்தவை, திரும்பிப் போக வழி தெரியும். வந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். கால் மணிநேரப் பேச்சை மூன்று குறிப்பாகச் சுருக்கி மேசைத் தாளில் எழுதினேன். எழுதும்போது பழைய கிளாக்கர் ஐயாவின் முகம் ஞாபகம் வந்தது. பாவம், அவரும் சம்பளத்துக்குத்தான் சுருக்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்ன பெரியம்மா, அப்பிடிப் பேசிட்டீங்க?"

"அங்க அப்பிடித்தாம்ப்பா பேசணும்" என்றார். "கக்கூசப் பத்திச் சொன்னா மூக்கப் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க. வலுவூட்டல்னு சொன்னாத்தான் கக்கூசு வரும்."

பஸ் இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. 225 மீட்டர்தான், ஆனால் அந்த இருட்டு முழுவதும் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். சபைக்குத் தக்கபடி பேச்சை மாற்றுகிற கலையை இவர்களுக்குப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பெரட்டில் இருமலாக, ஆபீசில் முனகலாக, பீலிக்கரையில் தீர்ப்பாக, ஹோட்டலில் வலுவூட்டலாக மாற்றியவர்கள் அவர்கள். அவர்கள் மாற்றாமல் பேசும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

*

அந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். போயா நாளில் அவர்களைக் கூட்டினால் எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். மரியாதைக் குறைவு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அது அவர்களுடைய போஞ்சி என்று புரிந்தது. கூட்டத்தில் பேசாதவன் இரவு பதினொரு மணிக்குக் கடைப் பலகையில் படுத்துக்கொண்டு நாலு நிமிடக் குரல்பதிவு அனுப்புகிறான். அதில்தான் விஷயம் இருக்கிறது.

2023இல் மலையகத்தவர் வந்து 200 வருஷம் என்று, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியே நடந்துவந்த திசை. நானும் சில நாள் நடந்தேன். வழியில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடந்தபோது பக்கத்தில் வந்த ஒரு சிங்கள அம்மா, முகத்தைப் பார்க்காமல், பாதையைப் பார்த்துக்கொண்டே, தன் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னார். எனக்கு அரைகுறைச் சிங்களம், அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் போய்க்கொண்டிருந்தோம்.

*

போன வருஷம் மறுபடி எங்கள் தோட்டத்தில் ஒரு கூட்டம். சாயந்திரம் வைக்கலாம் என்றேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இருட்டுமுன் நுவரெலியா போய்ச் சேர வேண்டும். ஆகவே வேலை நாள், பகல் பன்னிரண்டு மணி. இம்முறை புத்தியாக முன்கூட்டியே தோட்டத்தில் பேசி, வருகிறவர்களுக்குப் பேர் போடக் கேட்டேன். ராத்தல் போய்க் கிலோ வந்துவிட்டது, கணக்கப்பிள்ளை போய் வெளிக்கள உத்தியோகத்தர் வந்துவிட்டார், செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. பதில் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அரை நாள் கூட்டம். ஆகவே அரைப் பேர்.

பெரியம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். போஞ்சி நார் எடுத்தார்கள். பேசினார்கள். நல்ல கூட்டம். யாரோ வெற்றிலை கொண்டுவந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் நிறையப் பேசத் தொடங்கியபோது பெரியம்மா தட்டை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

வரவுத் தாள் சுற்றி வந்தது. இப்போது யாருக்கும் தண்டவாளம் ஞாபகம் வருவதில்லை. பிள்ளைகள் கையெழுத்தை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்து, படிவத்தின் அடியில் 'பங்குபற்றியோர்: 32 பேர்' என்று எழுதினேன்.

பெரியம்மாவின் மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். இன்னும் கொழுந்து எடுக்கிறவள்.

"32ன்னா போட்டுருக்கீங்க? தோட்டத்துக் கணக்குல 16 பேருதாண்ணே" என்றாள்.

அரைப் பேர் 32 சேர்ந்தால் 16. கணக்குச் சரி. மீதி 16 பேர் எங்கே போனார்கள் என்று அப்பாவைக் கேட்டிருந்தால் தயங்காமல் பதில் சொல்லியிருப்பார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நான் 32 என்பதை அப்படியே விட்டுவிட்டு, கீழே என் பேரை எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு அன்று முழுப் பேர்.